லோவலின் மஞ்சள் கொடி

லோவல் ட்வெட் அந்தக் கொடியைச் செய்தது குளிருக்குப் பயந்துதான். வீட்டிலிருந்து சாலையோரத் தபால் பெட்டிக்கு நீள நடை. மினசோட்டாப் பனியில் அவ்வளவு தூரம் போய்க் காலிப் பெட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? பழைய எண்ணெய் டப்பாவில் ஒரு தகடு வெட்டி, மஞ்சள் பூசி, கதவு ஸ்பிரிங் ஒன்றில் பொருத்திப் பெட்டி மூடியில் செருகினார். தபால்காரர் மூடியைத் திறந்தால் தகடு துள்ளி எழும். சமையலறை ஜன்னலிலிருந்தே தெரியும்.

எதிர்வீட்டு அம்மாள் வெர்னாவின் ஜன்னலிலிருந்தும் தெரியும் என்பதை மனிதர் யோசிக்கவில்லை. கெட்டிக்காரர்தான், ஆனால் பாதிக் கெட்டிக்காரர். இரண்டு வீட்டுப் பெட்டிகளும் ஒரே கட்டையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

"உன் கொடிதான்பா எனக்கும் கடிகாரம். அது எந்திரிச்சாத்தான் நான் பூட்ஸயே தேடுவேன்" என்பார் வெர்னா.

டிசம்பர் வந்தது. ஊரில் எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் கார்டு எழுதிப் போட்டது லோவலின் மனைவி அக்னெஸ்தான். அவர் இறந்தபின் லோவல் ஒருவருக்கும் பதில் எழுதவில்லை. பொறுத்துப் பார்த்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். இந்த டிசம்பரில் கொடி படுத்தே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பிஸ்கட் தட்டை நீட்டியபடியே வெர்னா சத்தமாகச் சொன்னார்: "பாவம், லோவலோட கொடி இந்த வாரம் தலையே தூக்கல!"

மேஜை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. லோவலுக்குக் காது மடல் வரை சூடேறியது. கார்டு வராததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வராததை ஊரே பார்த்துப் பரிதாபப்படுவதை எப்படித் தாங்குவது?

மறுநாள் தபால் வரும் நேரத்துக்குச் சற்று முன்பாகவே மண்வெட்டியோடு போனார். பெட்டியடியில் பனியைத் தள்ளுகிற சாக்கில் முழங்கையால் மூடியை இடித்தார். கொடி எழுந்தது. அரைமணி கழித்துத் தபால் எடுக்க வருகிறவர் மாதிரி வந்து, கோட்டுப் பைக்குள் எதையோ திணிப்பதாகப் பாவனை செய்துவிட்டுப் போனார். அடுத்த நாளும் போனார், அதற்கடுத்த நாளும் போனார்.

வெள்ளிக்கிழமை பெய்த மழை விழுந்த இடத்திலேயே உறைந்தது. லோவல் வழுக்காமலிருக்க அடுப்புச் சாம்பலைத் தன் பாதையில் மட்டும் தூவிக்கொண்டே போய் மூடியை இடித்துவிட்டு வந்தார். காப்பியை ஊற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தபோது பெட்டிகளுக்குக் கீழே வெர்னா கிடந்தார். ஒரு பூட்ஸ் தனியாகக் கிடந்தது.

எப்படி ஓடினார் என்று அவருக்கே தெரியாது.

"கொடி எந்திரிச்சிருந்துச்சே, லோவல்... என் பெட்டில ஒண்ணுமே இல்ல" என்று முனகினார் வெர்னா.

அப்போதுதான் தபால்காரரின் கார் வந்து நின்றது. வலியில் கண்களை இறுக மூடியிருந்த வெர்னா அதைப் பார்க்கவில்லை. தபால்காரர் தன் போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டார். லோவல் தபால்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை.

இடுப்பெலும்பு முறிவு. அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகும்போது லோவல் வெர்னாவின் தபாலை எடுத்துப்போனார். அதில் மகன் அனுப்பிய கார்டு இருந்தது. உள்ளே பேத்தியின் படம். வெர்னா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்காகத்தான் அன்னைக்கு ஓடுனேன். போகட்டும், உனக்காவது வந்துச்சே. யாருப்பா போட்டா?"

ஏதாவதொரு ஒன்றுவிட்ட தம்பியின் பெயரைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"யாரும் போடல. நானேதான் மூடியத் திறந்தேன்."

"எதுக்கு?"

"நீ பாக்கணும்னு. எனக்கும் தபால் வருதுன்னு நீ நினைக்கணும்னு."

வெர்னா கார்டைப் போர்வைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு, "அதுக்காகவா என் இடுப்பு உடைஞ்சுது?" என்று வாய்விட்டே கேட்டார். பக்கத்துக் கட்டிலில் பின்னிக்கொண்டிருந்த பெண் ஊசியை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"ஆமா" என்றார் லோவல், அவளுக்கும் கேட்கும்படி.

வெர்னா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். லோவல் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, போகச் சொன்னால் போகலாம் என்று உட்கார்ந்திருந்தார். வெர்னா போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.