பதினாலாம் மேசையின் வருகைப்பதிவு

எங்கள் மருத்துவக் கல்லூரியில் எல்லாம் கம்ப்யூட்டர்மயமான பிறகு, உடற்கூறியல் கூடத்தில் பதினாலாம் மேசைப் பிணத்துக்கு வருகை தொண்ணூற்றெட்டு சதவீதம். எனக்குப் பூஜ்யம். எழுபத்தைந்து இருந்தால்தான் பரீட்சைக்கு விடுவார்கள். அறுத்துக் காட்டும் பரீட்சை இன்று பத்து மணிக்கு.

என் நண்பன் இன்பசேகரன் செய்த வேலை. கைரேகை பதிந்த நாளில் நான் ஊரில் இருந்தேன். எனக்குப் பதிலாக பிராக்சி கொடுக்கிறேன் பேர்வழி என்று, என் பெயருக்கு அந்தப் பிணத்தின் கட்டைவிரலை வைத்துவிட்டான். படுபாவி.

ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டர் அறைக்குக் கிளம்பினேன். நடைபாதை முப்பது சதவீதம்தான் லோட் ஆகியிருந்தது. மீதி வரும்வரை ஓரமாக நின்றேன்.

அறையில் வருகைப்பதிவைப் பார்த்துக்கொள்ளும் மங்களவல்லி மேடம் இருந்தார். இடுப்புக்குக் கீழே மேசையாகிவிட்டிருந்தார்.

"விரலை வைங்க தம்பி."

வைத்தேன். சிவப்பு எரிந்தது.

"பாடின்னு காட்டுது. உங்க பேரு பதினாலாம் மேசைக்காரருக்குப் போனதால அவர் கணக்கு உங்களுக்கு வந்திருக்கு."

"மேடம், நான் பேசிட்டிருக்கேன்ல?"

"பேசறதுக்கு இதுல கட்டம் இல்லப்பா. மாத்தணும்னா ஸ்டூடண்ட் லாகின்லேர்ந்து ரிக்வெஸ்ட் வரணும்."

"அந்த லாகின் பிணத்துக்கிட்டல்ல இருக்கு!"

"அப்ப அவரைப் போடச் சொல்லுங்க. தங்கமான மனுஷன். அனாவசியமா ஒரு நாள் லீவு போட்டதில்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எலும்பு எலும்பாக மனப்பாடம் செய்தது நான். தூக்கத்தில்கூட நரம்புகளின் பெயரைச் சொன்னது நான்.

கூடத்துக்கு ஓடினேன். பதினாலாம் மேசைக்காரர் எழுந்து உட்கார்ந்து என் வெள்ளைக் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். மார்பில் 'கபிலன்' என்று என் பெயர்.

"ஐயா, ஒரே ஒரு ரிக்வெஸ்ட் போட்டுக் குடுங்க. எனக்குப் பரீட்சை."

"எனக்கும்தான் தம்பி. வருஷம் முழுக்க பாடம் கேட்டிருக்கேன்."

"அது என் பேரு."

"எனக்குன்னு இங்க யாரும் பேர் வைக்கலியே."

ஒலிபெருக்கியில் மங்களவல்லி மேடம் கத்தினார். "பதினாலாம் மேசை காலின்னு காட்டுது! பாடி இல்லன்னா எல்லாருக்கும் பரீட்சை ரத்து!"

இன்பசேகரன் ஓடி வந்து என் தோளைப் பிடித்தான். "டேய், ஒரு பத்து நிமிஷம் படுடா. ஒரு பிராக்சிதானே. அப்புறம் நான் பாத்துக்கறேன்."

எத்தனை தடவைதான் இவனை நம்புவது? பரீட்சைக்கு வந்திருந்த அறுபது பேர் என்னையே பார்த்தார்கள். படுத்தேன். மேசை சில்லென்று இருந்தது. மேசையோரத்துக் கைரேகை மெஷினில் விரலை வைத்தேன். பச்சை எரிந்தது. இந்த வருஷத்தில் முதல் தடவை.

மணி பத்து அடித்தது. பதினாலாம் மேசைக்காரர் கையுறை மாட்டிக்கொண்டு கத்தியை எடுத்தார்.

"வலிச்சா சொல்லுங்க தம்பி," என்றார். "என்கிட்ட யாரும் கேக்கல."