பெரட்டுக்கு முந்தி

அப்பனுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் விடிகாலையில் முத்துலிங்கம் திம்புள்ளைக்குத் திரும்பப் புறப்பட்டான். அங்கே ஒரு தோட்டத்தில் அவனுக்கு வேலை. மலையிறங்கி ரெண்டு கட்டைத் தூரம் நடந்து றொசல்லையில் ரயிலைப் பிடிக்க வேண்டும். மகன் எப்போது வந்து போனாலும் காளியாயி ரோடு வளைகிற முடக்கு வரைக்கும் கூடவே போவாள். அவன் தலை மறைகிற மட்டும் அங்கேயே நிற்பாள். அன்றைக்கும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"மதினி, நீ செத்த உள்ள போ," என்றாள் நாத்தனார் பேச்சியம்மா.

"ஏன், என்னமாச்சும் மறந்துட்டானா? என்னா எடுக்கணும்?"

காளியாயி உள்ளே போய் அடுப்படியில் பார்த்தாள், பெட்டி மேலே பார்த்தாள். "இங்க ஒண்ணுமில்லியே," என்று திரும்பினால் பேச்சியம்மா கதவுக்குக் குறுக்கே நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் மகன் குனிந்து செருப்பு வாரை இழுத்துக்கொண்டிருந்தான். வார் சரியாகத்தான் இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பயணம் போகிறவன் எதிரே தாலி அறுத்தவள் நிற்கக்கூடாது. பெற்றவளாக இருந்தாலும்தான்.

"போயிட்டு வாறேம்மா," என்று வெளியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "இங்க ஒத்தையில கெடக்காத. வேலையில பேர வெட்டச் சொல்லிட்டு எங்கூட வந்துரு."

"பத்தரமாப் போ சாமி," என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

அவளுக்குப் போக மனசில்லை. முப்பத்தெட்டு வருசம் புருசன் சோலைமலையோடு வாழ்ந்தது, லயத்து வரிசை வீடுகளில் அந்த ஒரு காம்பராவில்தான். அதை விட்டால் அவன் இருந்த இடம் என்று உலகத்தில் வேறு இடம் கிடையாது. ஆனால் தோட்டத்துச் சட்டம் எல்லாருக்கும் தெரியும். வேலையில் பேர் இருக்கிற வரைக்கும்தான் காம்பரா. பேர் போனால் அடுத்த வாரமே வேறு குடும்பம் சட்டி பானையோடு வந்து நிற்கும். ஐம்பத்தாறு வயசானாலும் பரவாயில்லை, கைகால் ஓடுகிற மட்டும் தேயிலைக் கொழுந்து எடுத்து அந்தக் காம்பராவைக் காப்பாற்றிக்கொள்வது என்று முடிவு பண்ணினாள்.

சோலைமலைக்கு அஞ்சு வருசம் முந்தியே பேர் வெட்டியாகிவிட்டது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி முழங்காலில் இறங்கி, கால் மடங்காமல் போயிற்று. அதற்குப் பிறகு காளியாயி மலைக்கு வேலைக்குப் போனாள், அவன் வீட்டைப் பார்த்தான். லயத்து ஆம்பிளைகள் சும்மா விடவில்லை.

"என்னா சோலமல, இன்னிக்கு என்னா கொழம்பு?"

"ஒம் பொண்டாட்டி வெக்கிற மாதிரி இல்ல, வாயில வெக்கிற மாதிரி," என்பான் அவன், வெங்காயத்தை உரித்துக்கொண்டே.

காலையில் நாலரைக்கெல்லாம் எழுந்து அடுப்பை மூட்டிவிடுவான். தேத்தண்ணி கொதித்ததும், "ஏ காளி, எந்திரி. தொர வந்து எழுப்பட்டும்னு படுத்திருக்கியா?" என்பான். ரெண்டு பேரும் அடுப்புக்குக் காலை நீட்டிக்கொண்டு எதிரும் புதிருமாக உட்காருவார்கள். ரொட்டி கல்லில் வேகும். அவன் பேசிக்கொண்டே இருப்பான். பீலியில் தண்ணிக்கு யார் யாரோடு சண்டை போட்டாள், எந்த வீட்டு நாய் எங்கே குட்டி போட்டது, எல்லாம் அவனுக்குத்தான் தெரியும். பகலெல்லாம் அவளுக்கு மலை. ராத்திரி வந்தால் அலுப்பு, படுத்ததுதான் தெரியும். விடிந்ததும் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பெரட்டுக்குத் தப்பு அடிக்கிற வரைக்கும் இருந்த அந்த ஒரு மணி நேரம்தான் அவர்கள் புருசன் பெண்டாட்டியாக இருந்த நேரம்.

அவள் கூடையை மாட்டிக்கொண்டு புறப்பட்டால் அவன் நொண்டிக்கொண்டு முன்னால் போய் வாசலில் நிற்பான். "மூஞ்சியக் காட்டிட்டுப் போ புள்ள. அப்பத்தான் எனக்கு இன்னிக்குப் பொழுது வெளங்கும்."

ஐப்பசி மழையில் நெஞ்சு வலி என்று படுத்தான். மூன்றாம் நாள் போய்விட்டான். அது அறுபத்திரெண்டாம் வருசம்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், தப்பு அடித்ததும் காளியாயி பழையபடி கூடையோடு வெளியே வந்தாள். அதே நேரம் பக்கத்துக் காம்பரா பொன்னையா கவ்வாத்துக் கத்தியோடு வெளியே வந்தார். அவளைப் பார்த்தார். சட்டென்று உள்ளே திரும்பினார். உள்ளே அவர் உட்கார்ந்து தண்ணி குடிப்பதும், செம்பைத் தரையில் வைப்பதும் கேட்டது. சகுனம் தப்பினால் அப்படித்தான், திரும்பிப் போய் உட்கார்ந்து தண்ணி குடித்துவிட்டுப் புதிதாகப் புறப்பட வேண்டும். அவர் புறப்படட்டும் என்று அவள் ஒதுங்கி நின்றாள். அடுத்த கதவு திறந்தது, மூடியது. அதற்கடுத்ததும். நாலாவது வீட்டில், "காலங்காத்தால இது என்னாடி எழவு," என்று ஒரு குரல் கேட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக இறங்கிப் போனாள்.

சாயங்காலம் பொன்னையாவின் பெண்டாட்டி ராசம்மா ஒரு கிண்ணத்தில் கறி கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுடி."

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. எம்மனுசனத்தான் ஒனக்குத் தெரியுமே, சகுனம் சகுனம்னு சாவாரு. இன்னிக்குன்னு பாத்து கத்தி கால்ல பட்டுருச்சு. கீறல்தான். ஆனா அவரு..."

"ஐயையோ. மருந்து போட்டீங்களா?"

"போட்டாச்சு. காலையில ஆளுக எறங்குற வரைக்கும் நீ கொஞ்சம் உள்ளாற இருந்தீன்னா..."

"எந்த ஆளுக?"

"எல்லாருந்தாங்க்கா," என்று சொல்லும்போதே ராசம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. அவளுடைய மூத்த மகள் பவளம் பிறந்தபோது கையில் ஏந்தியவள் காளியாயி. பவளம் என்று பேர் வைத்ததும் அவள்தான்.

"சரி விடு. இதுக்கு ஏன் அழுவுற? இருந்துட்டாப் போச்சு," என்றாள் காளியாயி.

மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு, முதுகில் கூடையோடு உள்ளேயே நின்றாள். கதவு திறக்கிற சத்தத்தை வைத்தே யார் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு காம்பரா லயத்தில், அவளுடையது போக, பத்துக் காம்பராக்காரர்களும் இறங்கிவிட்டார்கள். பதினொன்றாவது, கடைசிக் காம்பரா மாயாண்டி, இருக்கிறதிலேயே சோம்பேறி. அவன் பல் விளக்கி, காறித் துப்பி, பீடி பற்றவைத்துப் போன பிறகு கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். பெரட்டுக் களத்தில் ஆள் கூப்பிட்டு முடிந்துவிட்டது.

"என்னா காளியாயி, இது என்னா ஒம் மாமியா வீடா, நெனச்ச நேரத்துக்கு வர?" என்றார் கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி. "போ, நாளைக்கு வா."

அடுத்த நாளும் அதேதான். அன்றைக்கு அவர் சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"இந்தா பாரு, இன்னொருக்கா பிந்துனா பேர வெட்டத்தான் வேணும். காம்பரா இல்லாம நாலு குடும்பம் நிக்கிது. எனக்கு மேல இருக்குற கண்டாக்கு ஐயா எங்கிட்ட குதிக்கிறாரு. ஒனக்குத்தான் மகன் இருக்கானே, போயிச் சேரேன்."

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் லயத்து ஆட்களைக் காட்டிக்கொடுத்த மாதிரி. அது மட்டுமில்லை, அவர்கள் செய்வது தப்பென்று அவளுக்கே தோன்றவில்லை. அவளும் தாலி அறுத்தவளைக் கண்டு அப்படி ஒதுங்கி வளர்ந்தவள்தான்.

ராத்திரி முழுக்க யோசித்தாள். பின்னால் போனால் பெரட்டுப் பிந்துகிறது. நடுவில் போனால் ஆட்கள் எதிரே வருகிறார்கள். அப்படியானால் எல்லாருக்கும் முந்திப் போய்விட வேண்டும். தண்ணிக்குக்கூட ஒரு ஆள் எழுந்திராத நேரத்தில்.

நாலு மணிக்கு முந்தியே எழுந்தாள். அடுப்பை மூட்டவில்லை. வெளிச்சம் தெரிந்தால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். ராத்திரி மிஞ்சிய ரொட்டியை மடியில் கட்டிக்கொண்டு, லாந்தர் இல்லாமல், கம்பளியை மூடிக்கொண்டு பனிக்குள் இறங்கினாள். பெரட்டுக் களத்துப் பக்கத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவம் ஒன்று உண்டு. அதன் தாழ்வாரத்தில் ஒதுங்கலாம் என்று போனால், அங்கே ஏற்கெனவே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தது.

"யாரது?"

"நாந்தான். மேட்டு லயத்துக் காளியாயி."

"வா. நேத்தே வருவேன்னு பாத்தேன்," என்றாள் பள்ளத்து லயத்து வீரம்மா. "இப்படித் தள்ளி உக்காரு. அந்தப் பக்கம் ஒழுவும்."

காளியாயி தள்ளி உட்கார்ந்தாள். இத்தனை வருசமாகப் பெரட்டில் முதல் ஆளாக நிற்பது வீரம்மாதான். அது தோட்டத்துக்கே சிரிப்பு. சோலைமலையிடம் அவளும் சொல்லிச் சிரித்திருக்கிறாள், தொரைக்கே இவதான் கதவு தொறந்து விடுறா போல என்று. ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"எத்தன வருசமாக்கா இப்படி?"

"எம்மனுசன் போயி ஒம்பது வருசம்."

"மழையில?"

"மழையிலயுந்தான். சனம் மழைக்கு மட்டும் வேற வழியாவா போகுது?"

பிறகு வீரம்மாவே சொன்னாள். "ஒம் மகனுக்குப் பொண்ணு பாக்கப் போனீங்களே, கோயில்கிட்ட நான் எதுக்க வந்துட்டேன். நீ அவன் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு தேயிலைக்குள்ளாற திரும்பிட்டே."

"நெனப்பு வச்சிருக்கியாக்கா?"

"பின்ன? இங்க குந்திக்கிட்டு வேற என்னா வேல எனக்கு, நெனக்கிறதத் தவுர?"

"தெரியாமப் பண்ணிட்டேன்க்கா."

"தெரிஞ்சுதான் பண்ணே. நானுந்தான் பண்ணிருக்கேன், எம்புட்டோ பேருக்கு. அத விடு. ரொட்டி வச்சிருக்கியா? இருந்தா ஒரு துண்டு குடு, நடுங்குது."

அன்றைக்குப் பெரட்டில் காளியாயி ரெண்டாவது ஆள். கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "பாத்தியா, ஒரு வார்த்த சொன்னதும் சரியாப் போச்சு." வேலைக்குப் பேர் விழுந்தது. அடுத்த நாளும் விழுந்தது. காம்பராவுக்கு இனி பயமில்லை.

காம்பரா இருந்தது. ஆனால் விடிவதற்கு முன்னால் அங்கே அடுப்பு எரியவில்லை. சாயங்காலம் வந்து பொங்கி, ரொட்டியையும் அப்போதே சுட்டு வைத்துவிட்டு, மூலையில் சுருண்டுகொள்வாள். சோலைமலை உட்காருகிற இடத்துக்கு எதிரே உட்கார அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமையை எண்ணிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பெரட்டு இல்லை. நாலரைக்கு எழுந்து அடுப்பை மூட்டி, தேத்தண்ணி போட்டு, ஒரு மணி நேரம் பழைய மாதிரி உட்காரலாம். யாருக்கும் குறுக்கே போக வேண்டியதில்லை.

சனிக்கிழமை ராசம்மா வந்தாள். "அக்கா, நாளைக்கு விடியக்காலம் வலப்பனைக்குப் போறோம். நம்ம பவளத்துக்கு மாப்ள பாத்துப் பேசி முடிக்க."

"அடி, நல்ல சேதி சொன்னே! நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க. நான் கதவச் சாத்திக்கிட்டு உள்ளதான் இருப்பேன். அடுப்பு மூட்டி, தேத்தண்ணி போட்டுக்கிட்டு."

"ஒனக்கு எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாளா நெஞ்சு அடிச்சுக்கிச்சுக்கா."

"போடி பைத்தியம்."

இவ்வளவு சொன்னவள்தான். ஆனால் உடம்புக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியவில்லை. இருட்டில் முழிப்பு வந்ததும் கை தானாகக் கம்பளியை எடுத்தது, ரொட்டியை மடியில் கட்டியது. முடக்குக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், மடியில் கை வைத்துப் பார்த்தவளுக்கு உறைத்தது. இன்றைக்குப் பெரட்டு இல்லை. மடுவத்தில் வீரம்மாவும் இருக்க மாட்டாள்.

திரும்பிப் பார்த்தாள். மேட்டில் பொன்னையா வீட்டில் விளக்கு எரிந்தது. கதவும் திறந்துவிட்டது. ஆட்கள் வெளியே வருகிறார்கள். பாதை ஒன்றுதான். மேலே போனாலும் எதிரே போக வேண்டும், கீழே போனாலும் முன்னால் நடந்த மாதிரி ஆகும்.

"ஐயோ, எம் புள்ள காரியமாச்சே," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, பாதையை விட்டுத் தேயிலைக்குள் இறங்கிக் குந்தினாள். செடியெல்லாம் பனித்தண்ணி. அது கழுத்து வழியாக முதுகுக்குள் ஓடியது. கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

பொன்னையா வெள்ளை வேட்டி கட்டி லாந்தரோடு முன்னால் வந்தார். ராசம்மா கையில் வெற்றிலை பாக்குப் பை.

"செத்த நில்லுங்க," என்றாள் ராசம்மா. நின்று மேட்டைப் பார்த்தாள். "அடுப்பு மூட்டுவேன்னுச்சு, அக்கா காம்பராவுல வெளிச்சமே காணோமே."

"அசந்து தூங்கும். ஒரு நாளாச்சும் தூங்கட்டும், வா."

ரெண்டு அடி தூரத்தில் அவர்கள் கடந்து போனார்கள். காளியாயியின் கணுக்காலில் அட்டை ஏறிக்கொண்டிருந்தது. அவள் அசையவில்லை. அவர்கள் பேச்சு கீழே தேய்ந்து மறைகிற வரைக்கும் பவளத்துக்கு நல்ல இடமாக அமையட்டும், நல்லவனாக அமையட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பிறகு எழுந்திரிக்கப் பார்த்தாள். அதற்குள் லயம் முழித்துவிட்டது. பீலியில் ஆள் சத்தம். மாயாண்டி கூட அன்றைக்கென்று சீக்கிரமாக எழுந்து, டவுனுக்குப் போக சளசளவென்று முகம் கழுவிக்கொண்டிருந்தான். அவள் மறுபடி குந்த வேண்டியதாயிற்று.

தேயிலை நடுவிலிருந்து பார்த்தால் லயம் முழுக்கத் தெரிந்தது. அந்த நேரத்தில் அதை வெளியே இருந்து அவள் பார்த்ததே கிடையாது. காம்பராக் கூரைகளில் தகரத்துக்கு மேலே வரிசையாகப் புகை வந்தது. எண்ணிப் பார்த்தாள். பன்னிரண்டு காம்பராவுக்குப் பதினொன்றுதான் வந்தது. மறுபடி ஒரு தரம் எண்ணினாள்.