சட்டத்தைத் தின்றவர்கள்

அக்காவின் அடுப்படி பறிபோக இருந்த வாரத்தில்தான் நகரசபை அந்தச் சட்டத்தைப் போட்டது.

அக்கா என்றால் பார் முதலாளியின் கூடப்பிறந்த அக்கா. ஆனால் தெருவில் அத்தனை பேருக்கும் அவள் அக்காதான். அவளைவிட மூத்த கிழவர்கள்கூடக் கூச்சமில்லாமல் அப்படித்தான் கூப்பிட்டார்கள். புருஷன் போன பிறகு தம்பியின் பாருக்கு வந்து, பின்பக்கச் சமையலறையைத் தன் கைக்குள் கொண்டுவந்தவள். கைப்பக்குவம் அபாரம். சாப்பிடத்தான் ஆள் இல்லை. முன்பக்கம் குடிக்க வருகிறவர்கள் நாலு கடலையைக் கொறித்துவிட்டுக் காரியத்தில் இறங்கிவிடுவார்கள்.

"ஒரு நாளைக்கு நாலு ஆம்லெட் போகுது. அதுக்கு ஒரு ரூமாக்கா?" என்றான் தம்பி. "அடுப்பைத் தூக்கிட்டு அங்க ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை போட்டா கூட்டம் அள்ளும். நீயும் எத்தனை நாள்தான் அனல்ல கிடந்து வேகுவ? மக வீட்டுக்குப் போய் நிம்மதியா இரேன்."

மகள் வீடு நல்ல வீடுதான். சோபாவுக்குப் போட்டுவந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. மகளும் தங்கமான பெண். "அம்மா, நீ ஒரு வேலையும் செய்யக்கூடாது, சும்மா உக்காரு" என்பாள். அங்கேதான் அக்காவுக்கு இடித்தது. சும்மா உட்காருவது என்றால், உயிரோடு இருக்கும்போதே படத்தை மாட்டி மாலை போட்ட மாதிரி அல்லவா?

இந்த நேரத்தில்தான் சட்டம் வந்தது. அது வந்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். வழிபாட்டு மன்றத்துத் தலைவருக்கு, அதாவது ஊர் 'பெரியவர்' என்று கூப்பிடுகிறவருக்கு, வாராவாரம் வரும் ஓய்வு நாளில் பாரை மூடிவிட வேண்டும் என்று ஆசை. நகரசபைத் தலைவருக்கோ இரண்டு பயம். பாரை மூடினால் வரி போய்விடும். மூடாவிட்டால் மன்றத்தாரின் ஓட்டுப் போய்விடும். பேசிப் பேசி, இழுத்துப் பறித்து, கடைசியில் இருவரும் ஒரு வழிக்கு வந்தார்கள். ஓய்வு நாளில், சாப்பாடு இல்லாத மேஜையில் மது பரிமாறக் கூடாது.

"வெறும் வயித்துல குடிக்கிறவன்தான் தெருவுல ஆடுவான். வயிறு நெறஞ்சவன் வீட்டுக்குப் போய்த் தூங்குவான்" என்று பெரியவர் விளக்கம் சொன்னார். சபையே கைதட்டியது.

கைதட்டிய ஒருவருக்காவது ஒரு விஷயம் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஓய்வு நாள், மன்றத்தாருக்கு விரத நாள். காலையிலிருந்து மாலை வழிபாடு முடியும்வரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் பல்லில் படக்கூடாது. பிரார்த்தனைக் கூடத்துக்கும் பாரின் சமையலறைக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு சந்து. தங்கள் விரத நாளில், தங்கள் மூக்குக்கு நேரே, சமையலைக் கட்டாயமாக்கிய புத்திசாலிகள் இவர்களைத் தவிர வேறு யாராவது இருப்பார்களா?

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுப்படி பிழைத்தது! முதல் ஓய்வு நாளில் விடியும்போதே எழுந்து ரொட்டி வாட்டினாள், முட்டை அவித்தாள், உருளைக்கிழங்கை நறுக்கி வதக்கினாள். மேஜைக்கு ஒரு தட்டு போயிற்று. சர்வர் எடுத்துப் போனான். ஆமை வேகத்தில் நடப்பதால் அவனுக்குப் பெயர் 'புயல்'. கலால் இன்ஸ்பெக்டர் வந்தார், எட்டிப் பார்த்தார், தட்டு இருக்கிறது என்று தலையாட்டினார், போய்விட்டார்.

சாயங்காலம் ஆவலோடு முன்பக்கம் வந்து பார்த்தால், தட்டுகள் வைத்தது வைத்தபடி இருந்தன. ஒருவரும் தொடவில்லை. ஓரமேஜையில் எவனோ உருளைக்கிழங்கின் மேல் சிகரெட் சாம்பலைத் தட்டியிருந்தான். அக்காவுக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது.

தம்பி நிதானமாகத் தட்டுகளைச் சேகரித்து, சாம்பலை ஊதிவிட்டு, ஃபிரிட்ஜில் அடுக்கினான். "அடுத்த வாரத்துக்கும் ஆகும்க்கா."

"டேய், சாப்பாடுடா அது!"

"சாப்பாடு இல்லக்கா, சட்டம்" என்றான் அவன். "முன்னால இருக்கணும்னுதான் எழுதியிருக்கான். திங்கணும்னு எங்க எழுதியிருக்கான்? மாசத்துக்கு ஒரு தடவை செஞ்சா போதும். பில்லியர்ட்ஸ் மேஜைக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டேன்."

அக்கா பதில் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஆபத்து என்பது தம்பிக்குச் சின்ன வயதிலேயே தெரிந்திருக்க வேண்டும். பாவம், மறந்துவிட்டான்.

அடுத்த ஓய்வு நாள் காலையில் அவள் முதலில் செய்த வேலை, ஃபிரிட்ஜிலிருந்த சட்டம் முழுவதையும் குப்பைத் தொட்டியில் கொட்டியதுதான். பிறகு இரும்புச் சட்டியைப் போட்டு வெண்ணெயை உருக்கினாள். வெங்காயம் பொன்னிறமாகும்வரை பொறுமையாக நின்றாள். மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, கோழியைப் புரட்டி, அது விட்ட கொழுப்பிலேயே உருளைக்கிழங்கை மொறுமொறுவென்று வறுத்தாள். 'இப்போ சாம்பல் தட்டுங்கடா பாப்போம்' என்று முணுமுணுத்தாள்.

தட்டை எடுத்துப் போன புயல் அன்றைக்கு நிஜமாகவே வேகமாக நடந்தான். இல்லாவிட்டால் வழியிலேயே தின்றுவிடுவான்.

ஓரமேஜைத் தையல்காரர் ஒரே ஒரு உருளைக்கிழங்குத் துண்டை எடுத்து வாயில் போட்டார். சும்மா, ருசி பார்க்க. அப்புறம் கோழியில் ஒரு துண்டு, அது எப்படி இருக்கிறதென்று பார்க்க. அதன் பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

"யோவ்! சட்டத்தைத் தின்னுட்டியேய்யா!" என்று தம்பி அலறினான். "கிளாஸைக் கீழ வை! இன்ஸ்பெக்டர் வர்ற நேரம். மேஜையில சாப்பாடு இல்லாம குடிச்சா லைசென்ஸ் போயிடும்."

"அப்போ இன்னொரு தட்டு கொண்டா. காசு கொடுக்கிறேன், சும்மாவா கேக்குறேன்?"

அதற்குள் பக்கத்து மேஜைத் தட்டும் காலி. அதற்கடுத்த தட்டும் காலி. தம்பி பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தான். "அக்கா, இன்னும் தட்டு வேணும்! சீக்கிரம்!"

எத்தனை வருஷம் கழித்து அந்தச் சமையலறைக்குள் அப்படி ஒரு குரல் வந்தது! அக்கா பரபரவென்று சுழன்றாள். சாயங்காலம் புயல் வந்து, "அக்கா, ரெண்டாவது கிளாஸ் ஊத்தினா வேணாங்கிறாங்க. வயித்துல இடமில்லையாம்" என்று சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தான். பெரியவர் கனவு கண்டது அப்படியே பலித்துவிட்டது. அது சட்டத்தால் அல்ல, ஒரு பொம்பளையின் வீம்பால் பலித்தது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

ஆனால் வெங்காயம் வதங்கும் வாசனைக்குச் சட்டம் தெரியுமா, விரதம் தெரியுமா? அது சந்து தாண்டி நேரே பிரார்த்தனைக் கூடத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கடுத்த ஓய்வு நாள் மதியம், அக்காவின் சமையலறை ஜன்னலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். நிமிர்ந்து பார்த்தால், பெரியவர். வெள்ளை உடுப்பும், கையில் பிரார்த்தனைப் புத்தகமுமாக நின்றார்.

"இந்த வாசனை உங்க அடுப்புல இருந்தாம்மா வருது?"

"ஆமாங்கய்யா. நீங்க போட்ட சட்டந்தான் வேகுது."

அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை. கொஞ்ச நேரம் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சட்டம் ஒழுங்கா நடக்குதான்னு பரிசோதிக்க வேண்டியது என் கடமை" என்றார் கடைசியில்.

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் கட்டையில் ஒரு தட்டை வைத்தாள். முதலில் கண்ணால் பரிசோதித்தார். பிறகு விரலால். பிறகு பரிசோதனை மும்முரமாக நடந்தது. ரொட்டியால் தட்டைத் துடைத்து அதையும் வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு மட்டும் ஒரு சிட்டிகை தூக்கல்" என்றார்.

அக்கா சட்டியில் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தாள். ஆமாம், தூக்கல்தான். முன்பக்கம் இத்தனை பேர் தின்றார்களே, ஒருவனாவது சொன்னானா? உப்பு கூடியதைக் கண்டுபிடித்தவர் மேல் அவளுக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. அடுத்த வாரம் உப்பு குறைந்திருக்கிறதா என்று பார்க்க வந்தார். அதற்கடுத்த வாரம் எதற்கென்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பாரின் பின்சந்திலிருந்து பெரியவர் வாயைத் துடைத்துக்கொண்டே வெளியே வருவதை எவனோ பார்த்துவிட்டான். ஊர் வாய்க்கு அவல் கிடைத்தது. பெரியவர் தண்ணி போடுகிறாராம். அதுவும் விரத நாளில். அதுவும் நின்றுகொண்டே. ஒரே வாரத்தில் விஷயம் நகரசபைக்குப் போய்விட்டது. பெரியவரையே கெடுத்த பார் இந்த ஊருக்கு வேண்டாம், லைசென்ஸை அடியோடு ரத்து செய்ய வேண்டும் என்று தீர்மானம் வந்தது. அக்காவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள்.

தம்பிக்கு முகத்தில் ஈயாடவில்லை. "அக்கா, உன் கையிலதான் இருக்கு. சாப்பாடுதான் கொடுத்தேன்னு உண்மையைச் சொல்லிடு. பார் தப்பிச்சிடும், உன் அடுப்பும் தப்பிச்சிடும்."

"விரத நாள்ல தின்னாருன்னு ஊரைக் கூட்டிச் சொல்லச் சொல்றியா?"

"தின்னாரா இல்லையா?"

"தின்னாரு" என்றாள் அக்கா.

சபையில் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். மன்றத்தார் முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எழுந்து நின்றதும் நகரசபைத் தலைவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார். "பெரியவர் உங்க ஜன்னலுக்கு வந்தாரா? வந்தா என்ன கொடுத்தீங்க?"

ஒரு வார்த்தை. கோழி என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுப்பு எரியும். அக்காவின் நாக்குநுனி வரை வந்தது அது. அவர் தலை நிமிராமல் இருந்ததைப் பார்த்தாள். உப்பைச் சொன்ன மனுஷன்.

"என் ஜன்னலுக்கு ஆயிரம் பேர் வருவாங்க. வந்தவங்களைக் காட்டிக் கொடுத்து எனக்குப் பழக்கமில்ல" என்றாள். "என்ன வேணா எழுதிக்குங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் உறை போட்ட சோபா கண்முன்னால் வந்து நின்றது. பக்கத்தில் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். அக்கா பல்லைக் கடித்து அழுகையை அடக்கிக்கொண்டாள்.

"சாப்பிட்டேன்" என்று ஒரு குரல் கேட்டது.

பெரியவர் எழுந்து நின்றிருந்தார். "சாராயம் இல்ல. சத்தியமா அதைத் தொடல. கோழி. உருளைக்கிழங்கு. ரொட்டி. மூணு வாரம், விரத நாள்ல. என்னால முடியலைங்க. நான் ஒருத்தன் வயித்தை அடக்க முடியாததுக்கு, அந்த அம்மா அடுப்பை அணைக்கிறது அநியாயம்."

பெண்கள் பக்கத்திலிருந்து பெரியவரின் மனைவி படாரென்று எழுந்தாள். "அதானே பாத்தேன்! விரதம் முடிஞ்சு வந்தா முன்னெல்லாம் பாத்திரத்தோட காலி பண்ணுவாரு. மூணு வாரமா 'பசியில்ல, பக்தியில வயிறு நெறஞ்சிடுச்சு'ன்னாரே! நானும் நம்பி அக்கம்பக்கத்துல பெருமையா சொல்லிட்டு வந்தேன்!"

கூரை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்போது முன்வரிசையில் மன்றத்துப் பொருளாளர் மெதுவாக எழுந்தார். "அந்த வாசனைக்கு நடுவுல உக்காந்து பாருங்க, அப்போ தெரியும். நானும் புயல்கிட்டச் சொல்லி ரெண்டு பார்சல்..." அவர் முடிக்கும் முன் பக்கத்திலிருந்தவர் எழுந்தார். அவருக்கடுத்தவரும் எழுந்தார். முன்வரிசையில் உட்கார்ந்தபடி இருந்தது ஒரே ஒரு ஆள்தான். அவருக்கு ஜலதோஷமாம், வாசனை தெரியவில்லையாம்.

நகரசபைத் தலைவர் தீர்மானத்தை மடித்து வைத்துவிட்டுப் புதுச் சட்டம் போட்டார். ஓய்வு நாளில் மாலை வழிபாடு முடியும்வரை பாரும் திறக்கக் கூடாது, அடுப்பும் எரியக் கூடாது. அதன் பிறகு வழக்கம்போல். எல்லோரும் கைதூக்கினார்கள். பெரியவர் இரண்டு கையையும் தூக்கினார்.

"பகல் பூரா பூட்டிட்டு சாயங்காலம் திறந்தா எவன் வருவான்?" என்று தம்பி புலம்பினான். அந்த ஓய்வு நாள் சாயங்காலம் அவன் பாட்டில்களைத் துடைத்து அடுக்கிவைத்து, வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிரார்த்தனைக் கூடத்தின் கதவு திறந்தது. காலையிலிருந்து காய்ந்த வயிறுகள் அத்தனையும், பெண்டாட்டி பிள்ளைகளோடு, சந்தில் திமுதிமுவென்று இறங்கின. முன்வாசலை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் சமையலறை ஜன்னலுக்குத்தான். வழக்கமாகக் குடிக்க வருகிற தையல்காரரும் அந்த வரிசையில்தான் நின்றார்.

"அம்மா, நான் முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேனே" என்று பெரியவர் தலையை நுழைக்கப் பார்த்தார்.

"வரிசைன்னா எல்லாருக்கும் வரிசைதாங்கய்யா. பின்னால போங்க."

அவர் பின்னால் போய் நின்றுகொண்டார்.

தம்பி உள்ளே வந்தான். கொதிக்கிற சட்டிகளையும், ஜன்னலில் நீளும் கைகளையும், வியர்வையில் நனைந்து நிற்கும் அக்காவையும் பார்த்தான். பில்லியர்ட்ஸ் கடைக்காரனுக்குப் போன் போட்டு, அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை, மேஜை வேண்டாம் என்று சொன்னான். பிறகு கல்லாச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சட்டைக் கையை மடித்துவிட்டான்.

"அக்கா, உன் அடுப்படியில நான் என்ன செய்யணும்?"

உன் அடுப்படி என்றான். இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. அக்கா திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"முதல்ல கையைக் கழுவு" என்றாள்.