குழல்வாய்மொழியின் ஒற்றை மாதுளை

ஆனி பிறந்ததும் கொத்தனார் வந்துவிடுவார். அதற்குள் மாதுளை பழுக்க வேண்டும்.

குழல்வாய்மொழிக்கு ராப்பகலாக இதே கவலை. தென்காசி வீட்டின் புறவாசலில் அவள் நட்ட மரம் அது. நான்கு வருஷமாகப் பூத்துப் பூத்து உதிர்ந்ததுதான் மிச்சம். அந்த இடத்தில் தகரக் கூரை போட்டு ஓர் அறை கட்டினால், ஆடியில் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று கணவன் வீரபாகு கணக்குப் போட்டிருந்தான்.

"ஒரே ஒரு பழம் பழுக்கட்டும், மரத்தை விட்டுருதேன். பழுக்கலேன்னா நீ வாயே திறக்கப்படாது" என்று சொல்லிவிட்டான்.

இந்த வருஷம் ஒரே ஒரு பிஞ்சு நின்றது. அணிலுக்குப் பயந்து, பழைய வேட்டியில் பை தைத்து அதை மூடிக் கட்டினாள். தினமும் அவிழ்த்துப் பார்ப்பாள். பச்சை மாறி ஒரு பக்கம் மட்டும் லேசாகச் சிவந்தது. தண்ணீர் கூடினால் காய் உதிர்ந்துவிடும் என்று பயந்து, கோடை முழுக்க வேரைக் காயப் போட்டாள்.

திடீரென்று மேற்கே மலை மறைந்தது. சாரல்! சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பழைய பயத்தையெல்லாம் மறந்து, ஓட்டுத் தண்ணீர் விழும் தகரத்தை மரத்தடிக்கே திருப்பிவிட்டாள். குடிக்கட்டும், சீக்கிரம் பழுக்கும்.

மறுநாள் காலையில் பையை அவிழ்த்தாள். காய்ந்த வேர் ஒரேயடியாகக் குடித்ததில், காய் குறுக்கே வெடித்துக் கிடந்தது.

வாசலில் ஞானதுரைக் கொத்தனாரின் குரல் கேட்டது. அவசரமாகப் பையை இழுத்துக் கட்டினாள்.

"ஏட்டி, என்னத்த மறைக்கே?" என்றான் வீரபாகு.

"ஒண்ணுமில்ல. கொத்தனாரை ரெண்டு நாள் கழிச்சு வரச் சொல்லுங்களேன்."

"நல்லாருக்கே! ஆடி போய் ஆவணி வந்துரும்."

அறைக்கு அளவு பார்த்து முளைக்குச்சி அடிக்கக் குனிந்த ஞானதுரை மரத்தை உற்றுப் பார்த்தார். "அக்கா, துணிக்குள்ள எறும்பு சாரைசாரையா போவுதே!"

வீரபாகு பையைப் பிடுங்கினான். "வெடிச்சுல்லா போச்சு! அப்ப பழுக்கல. கொத்தனாரே, நூலைப் பிடியும்."

குழல்வாய்மொழியின் கண்கள் எறும்புகளின் மேலேயே இருந்தன.

"பழுக்கலேன்னு எறும்புக்குத் தெரியலையோ? தின்னு பாருங்க. புளிச்சா நானே அருவாளை எடுத்துத் தாரேன்."

சொல்லிவிட்டாள். ஆனால் அவளும் ருசி பார்த்திருக்கவில்லை.

அவன் காயைப் பறித்து, எறும்புகளை ஊதித் தள்ளி நாலு முத்துகளை வாயில் போட்டான். மென்றான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விதையைத் துப்பிவிட்டு இன்னொரு பிடி உதிர்த்தான்.

"அண்ணாச்சி, குச்சியை எங்கன அடிக்க?" என்றார் ஞானதுரை.

"தொழுவப் பக்கம் தள்ளி அடியும்" என்றான் வாய் நிறைய முத்துகளுடன்.

"ரூம் ரொம்ப ஒடுக்கமாயிருமே!"

"ஒல்லியான ஆளுகளாப் பாத்து விட்டுக்கிடுதோம்வே!"

அப்போதுதான் குழல்வாய்மொழிக்கு மூச்சு வந்தது. பாய்ந்து போய் மீதிப் பழத்தை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். அவளுக்கு இன்னும் ஒரு முத்துகூடக் கிடைக்கவில்லை.