ரொட்டி பிடித்த கை

படத்தில் முகம் இருந்தால்தான் ரொட்டி. கம்பளி வியாபாரி வான் ஹெக்கே உயிலில் எழுதி வைத்துவிட்டுச் செத்த விதி அது. எங்கள் ப்ரூஜ் நகரத்து மாதா கோயில் ஒன்றில் பூசைப் பீடத்துக்கு மேலே மாட்ட அவர் ஒரு படம் வரையச் சொல்லியிருந்தார். அதில் அவர் ஏழு ஏழைகளுக்கு ரொட்டி கொடுப்பார். அந்த ஏழு பேருக்கும் ஞாயிறுதோறும் ஆளுக்கொரு ரொட்டி, ஆயுசு முழுக்க. பதிலுக்கு அவர் ஆன்மாவுக்காக நாங்கள் ஜெபிக்க வேண்டும். ஏழாவது ஏழை, மாக்தெல்த் என்கிற நான்.

என் மகள் நேலெ நெஞ்சுச்சளியோடு படுத்துக் கிடந்தாள். அந்த ரொட்டியை விட்டால் எனக்கு வேறு கதியில்லை. ஓவியர் யோரிஸின் பட்டறையில் பத்து நாள் முட்டி தேய மண்டியிட்டேன். படத்தில் வியாபாரி ஆளுயரம். நாங்கள் அவர் இடுப்புக்குக் கீழே, கோழிக்குஞ்சுகள் மாதிரி.

"குனியாதம்மா. அப்படியே படத்துல அவரு முகத்தப் பாரு, நல்லாயிருக்கு," என்றார் யோரிஸ். நானும் பார்த்தேன், மடச்சி!

படம் முடிந்ததும் வியாபாரியின் விதவை வந்தாள்.

"யாரு இவ? எங்க வீட்டுக்காரரச் சரிக்குச் சமமா மொறைக்கிறா! வாங்குறவளுக்கு இவ்வளவு திமிரா?"

"பசிச்ச முழி அப்படித்தாங்க இருக்கும்," என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

படத்துக்குக் காசு கொடுப்பவள் அவள்; யோரிஸ் உடனே தூரிகையை எடுத்தார். என் கண், மூக்கு, வாய் எல்லாம் ஒரு பழுப்பு முக்காட்டுக்குள் போயின. நீட்டிய கையும் அதில் ரொட்டியும் மட்டும் மிஞ்சின.

முதல் ஞாயிறு, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை கொப்பென் ஒவ்வொருவரையும் படத்தருகே நிறுத்தி, முகம் பார்த்து ரொட்டி கொடுத்தான்.

"நீ எங்கடி இருக்க இதுல?"

"அந்த முக்காடு நான்தான்யா! சுண்டுவிரலப் பாரு, கோணலா இருக்கா? இந்தா, என் விரலு!"

குனிந்து பார்த்தான். படத்து விரலையும் பார்த்தான், என் விரலையும் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"விரலு உன்னுதுதான். உயில்ல முகம்னுல்ல எழுதியிருக்கு? நான் என்னடி பண்ணட்டும்? நகரு."

ஏழாவது ரொட்டி கூடையோடு உள்ளே போய்விட்டது.

நேலெ ஆறு வாரம் தாங்கினாள். அவளைப் புதைத்துவிட்டு நான் கோயிலுக்குள் வந்தபோது பெரிய வீட்டுப் பெண்கள் இருவர் படத்தின் முன் நின்றிருந்தார்கள்.

"அந்த முக்காடு போட்டவளப் பாருங்களேன், எவ்வளவு பணிவு!" என்றாள் ஒருத்தி.

படத்தில் என் கையில் ரொட்டி அப்படியே இருந்தது. பாய்ந்துபோய்ப் பிடுங்கலாம் போல் வந்தது எனக்கு. பாழாய்ப்போன சாயம்.