பிப்புக்கு ஒரு பிப்

பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தவளுக்கு, பிப் கட்டுவது அன்றாட வேலை. நோயாளி நாற்காலியில் சாய்ந்ததும் நெஞ்சின் மேல் நீலக் காகித பிப்பை விரிப்பாள். கழுத்தைச் சுற்றிச் சங்கிலியைப் போட்டு, இரண்டு முனையிலும் கிளிப்பை மாட்டுவாள். மீசைக்காரர், கோட்டுக்காரர், வெளியே நாலு பேரை மிரட்டிப் பிழைக்கிறவர் என்று எல்லோரும் அதற்கு அடங்கிக் கிடப்பார்கள். ஒருவர்கூடப் பிடித்து இழுத்ததில்லை.

அவள் பெற்ற பெண் மட்டும் இழுப்பாள்.

குழந்தைக்குப் பல் முளைக்கிற காலம். உதட்டோரத்தில் எச்சில் நிற்காமல் வடிந்தது. அவள் கணவன் மகளுக்குக் 'குழாய்' என்று பட்டமே சூட்டிவிட்டான். வெல்க்ரோ வைத்த பிப்பைக் கட்டினால், குழாய் அதைப் பர்ரென்று பிய்ப்பாள். அந்தச் சத்தத்துக்குச் சிரித்துவிட்டு, மறுபடி கட்டு என்று கழுத்தை நீட்டுவாள். நாடா வைத்த பிப், பகலில் அவளை விட்டுவிட்டுப் போகிற குழந்தைகள் காப்பகத்தில் ஆகாது. கழுத்தை இறுக்கிவிடும் என்று பயம். கடைசியில், அடியில் பள்ளம் வைத்த ரப்பர் பிப் ஒன்று வாங்கினாள். சிந்துகிற சாப்பாட்டை அது ஏந்திக்கொள்ளும் என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஏந்தியதை அப்படியே தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொள்ளலாம் என்பதைத்தான் அவர் சொல்லவில்லை.

வீட்டோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பாள். காப்பகத்தில் ஒரு சட்டம் இருந்தது. குழந்தை காலையில் காய்ந்த பிப்போடுதான் உள்ளே வர வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் குழாய் அதைச் சொட்டச் சொட்ட நனைத்திருப்பாள். காப்பகத்தை நடத்துகிற மிஸ் வாசலிலேயே இரண்டு விரலால் தொட்டுப் பார்ப்பார்.

"ஈரமா இருக்கேம்மா."

"வழியில நனைஞ்சிடுச்சு மிஸ். உள்ள போனதும் மாத்திக்கக் கூடாதா?"

"நீங்க மாத்திக் குடுங்க. வர்ற பிள்ளைக்கெல்லாம் நான் மாத்திட்டு நின்னா, வந்த பிள்ளைங்களை யார் பார்ப்பா?"

மாற்று பிப் பையில் இருக்கும். பால் புட்டி கசிந்து அதுவும் நனைந்திருக்கும். இரண்டு முறை பக்கத்துத் தெருக் கடைக்கு ஓடிப் புதிது வாங்கி வந்தாள். இரண்டு முறையும் வேலைக்குத் தாமதம்.

டாக்டர் சத்தம் போடவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார். "காலையில வர முடியலைன்னா பரவாயில்லம்மா, சாயந்திர ஷிஃப்டுக்குப் போயிடு. இன்னொரு தடவை லேட்டானா நானே மாத்திடுவேன்."

சாயந்திர ஷிஃப்ட் தொடங்கும்போது காப்பகம் மூடியிருக்கும். பார்சல் வண்டி ஓட்டுகிற கணவன் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவான். ஆகவே சாயந்திர ஷிஃப்ட் என்று டாக்டர் சொன்னது, வேலையை விட்டு நின்றுவிடு என்றே அவள் காதில் விழுந்தது.

அன்று பஸ்ஸில் வரும்போதுதான் அவளுக்கு அந்த யோசனை உதித்தது. பிப்பைக் காப்பாற்ற அதன் மேல் இன்னொரு பிப். வாசலுக்கு வந்ததும் மேலே உள்ளதை உருவிவிட்டால், அடியில் உள்ளது காய்ந்து பளிச்சென்று இருக்கும்.

மறுநாள் காலை கணவன் பல் தேய்த்துக்கொண்டே வேடிக்கை பார்த்தான்.

"பிப்புக்கே பிப்பா? அடுத்து அதுக்கு மேல ரெயின்கோட்டா?"

"நீங்க சும்மா இருந்தாலே எனக்குப் பாதி வேலை முடிஞ்ச மாதிரி."

"நான் சொல்றது என்னன்னா, பிப்பே வேணாம். குழந்தைன்னா ஒழுகத்தான் செய்யும். நாங்கெல்லாம் பிப் கட்டிக்கிட்டா வளர்ந்தோம்?"

"உங்க சட்டையை யார் துவைச்சா?"

"அம்மாதான்."

"அப்ப அவங்களைக் கேளுங்க."

அவன் தைரியமாகப் போனை ஸ்பீக்கரில் போட்டான். அத்தையின் குரல் சமையலறை வரை கேட்டது. "கட்டாம விடாதீங்க. நெஞ்சு நனைஞ்சா சளி பிடிச்சுக்கும். இவன் ஒழுக விட்டதைப் பிழிஞ்சு பிழிஞ்சே என் கை தேஞ்சுபோச்சு. இவன் பேச்சையா கேட்கிறே?"

அவன் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வாய் கொப்பளிக்கப் போனான்.

இரட்டை பிப் பலித்தது. மிஸ் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார். டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டாள். வார முடிவில் குழந்தையைக் குளிப்பாட்டும்போது மடிப்பை விலக்கிப் பார்த்தால், கழுத்தைச் சுற்றி மாலை போட்டது போலச் சிவந்திருந்தது. இரண்டு அடுக்குத் துணிக்குள் ஈரம் புழுங்கி தோலைத் தின்றிருந்தது.

குழந்தை டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். "கழுத்துல எதையும் கட்டாதீங்க. காத்துப் படணும். துடைச்சு விடுங்க, நனைஞ்சா டிரஸை மாத்துங்க. அவ்வளவுதான்."

அவருக்கு அவ்வளவுதான். காப்பக வாசலில் அவள் அதைச் சொன்னபோது மிஸ் கதவை முழுதாகத் திறக்கவே இல்லை.

"அந்த டாக்டரா இங்க வந்து ஊட்டுறாரு? பிப் இல்லாம நான் எடுத்துக்கிட்டா நாளைக்கு எல்லாரும் அப்படியே கொண்டு வருவாங்க."

"புண்ணாயிடுச்சு மிஸ். நீங்களே பாருங்க."

"பாவம்தான். ஆறட்டும், அப்புறம் கூட்டிட்டு வாங்க."

"அதுவரைக்கும் நான் இவளை எங்க வைப்பேன்?"

மிஸ் அவளுக்குப் பின்னால் நின்ற பிள்ளையை எட்டிப் பார்த்தார். மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி. அவளுக்குப் பல் டாக்டர், குழந்தை டாக்டர், மிஸ், அத்தை என்று சுற்றிலும் இடி. கதவு இடுக்கில் தெரிந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் போய்விடலாம். அதை விட்டால் சாயந்திர ஷிஃப்ட்.

"மிஸ், உங்களுக்கு பிப் வேணுமா, டிரஸ் நனையாம இருக்கணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா."

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். குழந்தையை மடியில் கிடத்தி, பொத்தானை அவிழ்த்து, டிரஸைத் தலைவழியாக உருவினாள். டயப்பரோடு மட்டும் தூக்கி நீட்டினாள்.

"இந்தாங்க. இனிமே நனையறதுக்கு இவகிட்ட துணியே இல்ல."

பின்னால் பிள்ளையோடு நின்ற ஓர் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

"என்னம்மா இது, உரிச்ச கோழி மாதிரி? குளிருமே."

"சாப்பிடும்போது மட்டும் இப்படி வச்சுக்குங்க. ஊட்டி முடிச்சதும் ஈரத்துணியால ஒரு துடை. தோலைத் துவைக்க வேணாம், காயப் போட வேணாம். மத்த நேரத்துக்குப் பையில ஆறு டிரஸ் வச்சிருக்கேன்."

"ஆறையும் யார் மாத்துறது?"

"நீங்கதான் மிஸ்," என்றாள். "இன்னிக்கு லேட்டானா எனக்கு வேலை இல்ல. வேலை இல்லைன்னா இவளும் இங்க வர மாட்டா. நீங்க எதையும் மாத்த வேண்டிய அவசியமே இருக்காது."

அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். அதற்குள் குழாய் தானாகவே இரண்டு கையையும் நீட்டி மிஸ்ஸின் மேல் தாவி, தோளில் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அந்தத் தோளில் ஒரு சின்னத் துண்டு ஊக்கால் குத்தியிருந்ததைத் தாய் அப்போதுதான் கவனித்தாள். காப்பகம் திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. துண்டு அதற்குள் தொப்பலாக இருந்தது.

மிஸ் குழந்தையை இறக்கிவிடவில்லை.

"நனைஞ்சதெல்லாம் அப்படியே உங்க வீட்டுக்குத்தான் வரும். இங்க ஒரு துணிகூட அலச மாட்டோம். நாறுதுன்னு என்கிட்ட வந்து சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"கழுத்து ஆறுற வரைக்கும் பார்க்கிறேன். பஸ் போயிடப் போகுது, ஓடுங்க."

ஓடினாள். பஸ் படியில் தொத்தி, இறங்கி, செருப்பு வார் பாதி அறுந்த நிலையில் கிளினிக் முன்னால் போய் நின்றாள். கிளினிக் பூட்டியிருந்தது. டாக்டரே இன்னும் வரவில்லை. முதல் நோயாளி, ஆள் வாட்டசாட்டமானவர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். சிரிப்பதா, பூட்டை உதைப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் வந்தார். வெள்ளைச் சட்டையில் நெஞ்சிலிருந்து வயிறு வரை காபி வழிந்திருந்தது.

"செம டிராஃபிக்கும்மா. குடிச்சுக்கிட்டே வந்தேன், பிரேக் போட்டதுல கொட்டிடுச்சு."

நாக்கு நுனி வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். காலை ஷிஃப்ட் கையில் இருக்கிறது. நுணலும் தன் வாயால் கெடும்.

வாட்டசாட்டமானவருக்கு பிப்பை மாட்டினாள். "இது எதுக்கும்மா? நான் என்ன குழந்தையா?" என்றார் அவர்.

"குழந்தையா இருந்தா இந்நேரம் பிச்சு எறிஞ்சிருக்கும் சார். வாயைத் திறங்க."

சாயந்திரம் காப்பகப் பை கல் மாதிரி கனத்தது. கணவன் வந்து ஷூவைக் கழற்றியதும், அதைக் கொண்டுபோய் அவன் காலடியில் வைத்தாள்.

"என்னது?"

"பிப் வேணாம்னு சொன்னீங்கல்ல. உங்க கட்சி ஜெயிச்சிடுச்சு."

அவன் ஜிப்பைத் திறந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். எச்சிலும் மசித்த கேரட்டும் பாலும் ஊறிய ஆறு டிரஸ். அவள் வாளியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுக் குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டப் போய்விட்டாள். டிரஸைக் கழற்றிவிட்டுத்தான் ஊட்டினாள். குளியலறையில் தண்ணீர் சத்தம் நிற்கவே இல்லை. நடுவில் ஒரு தடவை, "இந்தக் கேரட்டு என்ன பெயிண்ட்டா?" என்ற குரல் மட்டும் வந்தது.

வெளியே வந்தபோது அவன் பனியன் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

"இத்தனையுமா ஒரே நாள்ல?"

"நாளைக்கும் ஆறு."

அவன் மகள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். குழாய் அவனைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்த வாயிலிருந்து ஒரு நூல் நிதானமாக இறங்கி வயிற்றைத் தொட்டது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கழுத்து எப்ப ஆறும்னு டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"எதுக்கு?"

"இல்ல, சும்மாதான். ஆறினப்புறம் பிப் கட்டிப் பார்க்கலாமேன்னு."

அவள் துணிக் கிளிப்புகளை அவன் கையில் கொட்டினாள்.

"முதல்ல அதையெல்லாம் காயப் போடுங்க. காலைக்குள்ள காயலைன்னா நாம மூணு பேரும் வீட்லதான் உட்காரணும்."

அவன் எழுந்து போய் மின்விசிறியைக் கடைசி வேகத்தில் வைத்தான்.