நாற்பது நிமிட வெதுவெதுப்பு

நொடியம்மாவின் ஈஸ்ட் மறுபடியும் செத்துப்போனது. சும்மா சாகவில்லை. கோடிக்கணக்கில், கூண்டோடு, சொல்லி அழ ஓர் உயிர்கூட மிஞ்சாமல் செத்தது. ஜெல்லி ஊற்றிய தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் போல அவ்வளவு பளபளப்பு.

அதே மேஜையின் மறுமுனையில் சம்பந்தியம்மாவின் தட்டில் வெள்ளைப் புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு புள்ளியும் பிழைத்துக்கொண்ட ஓர் ஈஸ்ட் பெற்றுப் பெருக்கிய குடும்பம். அங்கே இடம் பிடிக்கச் சண்டையே நடந்திருக்கும்.

அது ரொட்டிக்கு ஈஸ்ட் தயாரிக்கும் ஆலை. கிடங்குச் சூட்டையும் லாரிச் சூட்டையும் ஈஸ்ட் தாங்குமா என்று பார்ப்பது ஆய்வுக்கூடத்தின் வேலை. முப்பது டிகிரியில் சொகுசாக வளர்ந்த ஈஸ்ட்டை பாட்டிலோடு ஐம்பது டிகிரி வெந்நீர்த் தொட்டியில் பத்து நிமிடம் இறக்க வேண்டும். பிறகு ஒரு சொட்டு எடுத்துத் தட்டில் தடவிவிட்டு, இரண்டு நாள் பொறுத்திருந்து யார் மிச்சம் என்று எண்ண வேண்டும். சரிபார்ப்புக்காக இரண்டு பேர் தனித்தனியாகச் செய்வார்கள். அந்த இரண்டு பேரில் ஒருத்தி நொடியம்மா. பத்து நிமிடம் என்றால் அவளுக்கு அறுநூறு நொடி. அறுநூற்றொன்றாவது நொடியில் அவளுக்கு நெஞ்சு வலிக்கும். இன்னொருத்தி அவள் மகளின் மாமியார். முன்பெல்லாம் இருவரும் "வாடி, போடி" என்று பேசி ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். சம்பந்தம் ஆன மறுநாளே "வாங்க, போங்க" வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது. சாப்பாட்டு டப்பாவும் இரண்டாகப் பிரிந்தது.

திங்கட்கிழமை காலை ஆய்வுக்கூடத் தலைவர் வந்தார். அவருக்கு எல்லாரும் வைத்திருந்த பெயர் தெர்மாமீட்டர். கோபம் வந்தால் சட்டைக் காலரில் சிவப்பு தொடங்கிப் படிப்படியாக மேலே ஏறும். அது காதைத் தொட்டால் ஊழியர்கள் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார்கள். அன்று சிவப்பு தாடையில் நின்றது.

"ஒரே ஈஸ்ட், ஒரே தொட்டி, ஒரே கடிகாரம். எட்டு மாசமா அவங்க கையில பொழைக்குது, உங்க கையில சாகுது. என்னம்மா இது?"

"தெரியலையே சார். நான் ஒரு நொடிகூட..."

"நொடி கதையெல்லாம் வேணாம். அடுத்த மாசம் புது மெஷின் வருது. பாதி மேஜை போயிடும். ஒருத்தர்தான் இங்க இருக்க முடியும், இன்னொருத்தர் லேபிள் ஒட்டுற பிரிவுக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள காரணத்தைச் சொல்லுங்க. இல்லன்னா பசையும் பிரஷ்ஷும் உங்களுக்குத்தான்."

அவர் போனதும் சம்பந்தியம்மா பரிவோடு பக்கத்தில் வந்தாள். அந்தப் பரிவை எடுத்துத் தேய்த்தால் தோலே உரிந்துவிடும்.

"எல்லாம் கைராசிதான் சம்பந்தி. வருத்தப்படாதீங்க. லேபிள் ஒட்டுறதும் நல்ல வேலைதான். உட்கார்ந்தே செய்யலாம், உங்க முட்டிக்கும் நல்லது."

"என் முட்டி நல்லாத்தான் இருக்கு சம்பந்தி" என்றாள் நொடியம்மா. இருபத்திரண்டு வருடம் உழைத்த மேஜை. அதைக் கைராசிக்குக் காவு கொடுப்பதா? இவள் ஈஸ்ட்டில் எதையோ கலக்கிறாள், கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு, "ஸ்டோருக்குப் போயிட்டு வரேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, கண்ணாடிச் சாமான் அலமாரிக்குப் பின்னால் புகுந்தாள். அவள் உடம்புக்கு அலமாரி போதவில்லை. பாதி அவள்தான் உள்ளே போனாள், மீதியை இருட்டு மறைத்தது.

ஒளிந்ததுதான் தாமதம், உடம்பு முழுக்கக் கலவரம். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் இரண்டும், புலியே வந்துவிட்டது என்று நினைத்து ரத்தத்துக்குள் தந்தி அடித்தன. கல்லீரல் பூட்டி வைத்திருந்த சர்க்கரையை வாரி இறைத்தது. வயிறு செரிமானக் கடையை இழுத்து மூடிவிட்டு விளக்கை அணைத்தது. நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டியது. இதயம் அடித்த அடியில் அலமாரியிலிருந்த முந்நூறு கண்ணாடிக் குழாயும் கிணுகிணுத்தன. புலியோ, அங்கே தொலைபேசியை எடுத்துக்கொண்டிருந்தது.

"சொல்லுப்பா" என்றாள் சம்பந்தியம்மா மகனிடம். முப்பது டிகிரிப் பெட்டியிலிருந்து அப்போதுதான் வெளியே எடுத்த ஈஸ்ட் பாட்டில் கையில் இருந்தது, இன்னும் தொட்டிக்குள் இறங்கவில்லை. அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். "சாப்டியா? ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? உன் பொண்டாட்டி நேத்து சட்டை மடிச்ச அழகைப் பார்த்தியா? மடிக்கச் சொன்னா பந்து மாதிரி சுருட்டி வெச்சிருக்கா. அவங்கம்மா ஊரு உலகத்து நொடியெல்லாம் எண்ணுவாங்க. பெத்த பொண்ணுக்குச் சட்டை மடிக்கச் சொல்லிக்குடுக்க மட்டும் நேரமில்ல..."

அலமாரிக்குப் பின்னால் நொடியம்மாவுக்குக் கண் சிவந்தது. பாய்ந்துவிடலாம் என்று ஒரு காலை எடுத்தும் வைத்தாள். அப்போதுதான் கடிகாரம் கண்ணில் பட்டது. பத்து நிமிடம். பதினைந்து. இருபத்தைந்து. சட்டை முடிந்து, போர்வை முடிந்து, குழம்பில் உப்பு வந்தது. நாற்பதாவது நிமிடத்தில் சம்பந்தியம்மா, "சரி வெச்சிடு, வேலை தலைக்கு மேல கெடக்கு" என்றாள். அந்த நாற்பது நிமிடமும் பாட்டில் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்ததும் நொடியம்மாவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. வெளியே வந்தாள். கூடவே நாலு குழாயும் வந்து விழுந்து உடைந்தன.

"சம்பந்தி!"

சம்பந்தியம்மா தூக்கிவாரிப்போட எழுந்தாள். "ஐயோ, நீங்க ஸ்டோருக்கு... நான் தப்பா ஒண்ணும் சொல்லலீங்க. தங்கமான பொண்ணு. சட்டையைத்தான் சொன்னேன், அதுவும் பழைய சட்டை..."

"என் பொண்ணைப் பத்தி என்ன வேணாலும் பேசிக்குங்க. அந்த பாட்டிலை எங்க வெச்சீங்க?"

"எங்க வெச்சேன்? தெனம் வெக்கிற எடந்தான். ஓவன் மேல."

கழுவிய கண்ணாடிச் சாமான்களை உலர்த்தும் ஓவன் அது. உள்ளே அனல், மேல்தட்டோ பூனை தூங்கும் சூடு. நொடியம்மா வெப்பமானியை எடுத்து அங்கே வைத்தாள். முப்பத்தேழு டிகிரி.

"தெனமும் போன் வருமா?"

"பத்தரைக்கு. எட்டு மாசமா பையன் ஒருநாள் தவறினதில்ல" என்றாள் சம்பந்தியம்மா, அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையோடு.

பயிற்சி வகுப்பில் பாதித் தூக்கத்தில் கேட்ட பாடம் நொடியம்மாவின் மண்டைக்குள் எழுந்து உட்கார்ந்தது. ஒரு செல்லுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள், ஒவ்வொன்றும் தன் மடிப்புக் கலையாமல் இருந்தால்தான் வேலை செய்யும். திடீர் வெந்நீரில் இறக்கினால் மடிப்பெல்லாம் அவிழ்ந்து, ஒன்றோடொன்று சிக்கி, வேகவைத்த முட்டையாகிவிடும். அவளுடைய ஈஸ்ட்டுக்கு நடந்தது அதுதான். முப்பதிலிருந்து நேரே ஐம்பதுக்கு, ஒரு நொடி தாமதமில்லாமல் கொலை! ஆனால் முதலில் இதமான சூடு பட்டால் செல் உஷாராகிவிடும். வளர்ச்சி, பிள்ளைப்பேறு எல்லாவற்றையும் நிறுத்திவைத்துவிட்டு, உதவிப் புரதங்களைப் படைபடையாகக் கிளப்பும். கலையும் மடிப்பைக் கையோடு பிடித்து நேராக்குவதுதான் அவற்றின் தொழில். ஒரு வகைச் சர்க்கரையையும் மூட்டை மூட்டையாகச் சேர்த்து, உடையும் பொருளுக்கு வைக்கோல் திணிப்பதுபோல உள்ளே அடைத்துக்கொள்ளும். பிறகு ஐம்பது டிகிரி வந்தால், "ஓ, நீதானா?" என்று கேட்கும்.

சந்தேகம் தீர அன்றைக்கே இரண்டு பாட்டில் எடுத்தார்கள். ஒன்று ஓவன் மேல் நாற்பது நிமிடம் உட்கார்ந்தது. மற்றது நேரே தொட்டிக்குப் போனது. இரண்டையும் நொடியம்மாவே செய்தாள். வியாழக்கிழமை பார்த்தால், நேரே போனது துடைத்துவிட்ட மைதானம், ஓவனில் உட்கார்ந்தது திருவிழாக் கூட்டம்.

"அப்போ கைராசி இல்லையா?" என்றாள் சம்பந்தியம்மா.

"ஓவன் ராசி."

சம்பந்தியம்மா சிரிக்கப் போனவள் பாதியில் நின்றாள். முகம் சுருங்கியது. "எட்டு மாசமா நான் எழுதின ரிப்போர்ட் அத்தனையும் தப்பா? அவர் என்னைத்தானே லேபிளுக்கு அனுப்புவார்?"

பசையும் பிரஷ்ஷும் கையுமாகச் சம்பந்தியம்மா உட்கார்ந்திருக்கும் காட்சி நொடியம்மாவின் மனதில் வந்தது. உண்மையைச் சொல்லலாமே, அந்தக் காட்சி இனித்தது. சுருட்டிய சட்டைக்கும் உப்புக்கும் சேர்த்து இனித்தது. அந்த இனிப்போடு வீட்டுக்குப் போனாள். காலையில் பல் தேய்க்கும்போது பார்த்தால் அது புளித்திருந்தது.

வெள்ளிக்கிழமை இருவரும் தெர்மாமீட்டரின் அறையில் நின்றார்கள். நொடியம்மா ஒன்று விடாமல் சொன்னாள், ஓவன், போன், நாற்பது நிமிடம், எல்லாம். சிவப்பு காலரைத் தாண்டி, தாடையைத் தாண்டி, ஒரே மூச்சில் காதுக்கு ஏறியது.

"எட்டு மாசம்! எட்டு மாச ரிப்போர்ட்டும் குப்பையா? ஏம்மா, லேப்ல உட்கார்ந்து போன் பேசிக்கிட்டு..."

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் நொடியம்மா. "நம்ம கிடங்கு காலையில எப்படி இருக்கும்?"

"வெதுவெதுன்னு."

"மத்தியானம்?"

"கொதிக்கும். அதுக்கென்ன இப்போ?"

"சரக்கு மெதுவாத்தானே சார் சூடாகுது? முப்பதுலேருந்து ஐம்பதுக்கு யாராவது தூக்கியா எறியறாங்க? அவங்க செஞ்சது கிடங்குல நடக்குற கதை. எழுதாம விட்டதுதான் தப்பு. நான் செஞ்சது திடீர்னு தூக்கிப் போட்டா என்ன ஆகும்ங்கிற கதை. ரெண்டும் வேணும். பக்கத்துல பக்கத்துல, ஒரே நேரத்துல. ஒருத்தருக்கு ரெண்டு கைதான் சார் இருக்கு."

தெர்மாமீட்டர் கூரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். காது மெல்ல வெளுத்தது.

"நாற்பது நிமிஷம், முப்பத்தேழு டிகிரி. எழுதுங்க. எட்டு மாசத்தையும் திரும்பச் செய்யணும், ரெண்டு பேரும். பாதி மேஜைதான் இருக்கு, அதுக்கு மேல என்கிட்ட கேட்கக் கூடாது."

வெளியே வந்ததும் சம்பந்தியம்மா தொண்டையைச் செருமினாள். "சம்பந்தி... என்ன சொல்றதுன்னு..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். டேப்பை எடுங்க."

பாதி மேஜையை அங்குலக் கணக்கில் அளந்து, சரிபாதியில் நொடியம்மா டேப் ஒட்டினாள். ஒட்டி முடித்துக் கையை எடுப்பதற்குள் சம்பந்தியம்மா ஜன்னல் பக்கமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன், பையனைப் பெத்தா ஜன்னலும் உங்களுக்குத்தானா?"

"காத்து வேணும்டி எனக்கு. மூச்சு முட்டுது."

ஆறு வருடத்துக்குப் பிறகு வந்த அந்த "டி"யை இருவரும் கேட்டார்கள். கேட்காத மாதிரி இருந்தார்கள்.

"முழங்கையை எடு" என்றாள் நொடியம்மா. "கோட்டைத் தாண்டி வருது."